தட்டைப் பாதத்துக்கு உடற்பயிற்சியா, வி.ஆர். சிகிச்சையா? பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

நம் உறுப்பினர்களில் பலர் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தால் இரவு ஷட்டரை இறக்கும் வரை நின்றுகொண்டே இருப்பவர்கள். கல்லாவில் இருப்பவருக்கு ஒரு நாற்காலி உண்டு. சரக்கு எடுத்துக் கொடுப்பவருக்கும், நிறுத்துக் கட்டுபவருக்கும், குடோனில் மூட்டை எண்ணுபவருக்கும் அது கிடையாது. ஆகவே கால்வலி என்பது நம் தொழிலோடு கூடப் பிறந்தது என்றே இருந்துவிடுகிறோம். தாங்க முடியாமல் டாக்டரிடம் போனால், "உங்களுக்குத் தட்டைப் பாதம்" என்கிறார். பள்ளியில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைக்கும் அதையே எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். வீட்டில் கவலை ஆரம்பமாகிறது.

முன்பெல்லாம் இதற்குத் தனிச் செருப்போ, ஷூவுக்குள் வைக்கும் மெத்தையோதான் வைத்தியம். இப்போது பெரிய ஊர்களில் வி.ஆர். சிகிச்சை என்று ஒன்று வந்திருக்கிறது. விர்ச்சுவல் ரியாலிட்டி என்பதன் சுருக்கம்தான் இந்த வி.ஆர். கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டோ, டி.வி. திரைக்கு முன்னால் ஒரு பலகையில் ஏறி நின்றோ விளையாட வேண்டும். விளையாட்டே சிகிச்சை என்கிறார்கள். பத்து தடவை, இருபது தடவை என்று மொத்தமாகப் பணம் கட்டும் ஏற்பாடும் உண்டு. சாதாரண உடற்பயிற்சியைவிட இது மேலானதா, கொடுக்கிற பணத்துக்குச் சரக்கு இருக்கிறதா என்று வாங்குகிறவர் என்ற முறையில் நாம் பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாத் தட்டையும் நோயல்ல

ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து பாருங்கள். நடுப்பாதத்தின் உட்பக்கம் தரையில் படாமல் ஒரு வளைவு தெரிந்தால் அது வழக்கமான பாதம். வளைவே இல்லாமல் பாதம் முழுதும் அச்சாகப் பதிந்தால் தட்டைப் பாதம். ஆனால் இத்தோடு தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதே ஆளைக் குதிகாலைத் தூக்கி விரல்களின் மேல் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு எழும்பி வந்தால், அது நெகிழும் தட்டைப் பாதம். எலும்பும் மூட்டும் நன்றாக இருக்கின்றன. பாரம் ஏறும்போது மட்டும் பாதம் படிந்து விடுகிறது என்று பொருள்.

பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பெருவிரல் மேல்நோக்கி வளையும்போது இந்தப் பட்டை உருளையில் கயிறு சுற்றுவதுபோல் இழுபட்டு வளைவைத் தூக்குகிறது. ஹிக்ஸ் என்ற மருத்துவர் 1954-ல் இதை விளக்கினார். விரல் நுனியில் நின்றால் வளைவு எழும்புவதற்கு இது ஒரு காரணம். எப்படி நின்றாலும் வளைவு எழும்பாமல் பாதம் பலகைபோல் விறைப்பாக இருந்தால், இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது எதுவும் அதற்குப் பொருந்தாது. அது எலும்பு டாக்டர் பார்க்க வேண்டியது.

பிள்ளைகள் விஷயத்தில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிறந்த குழந்தை எல்லாவற்றுக்கும் பாதம் தட்டைதான். முதல் பத்து வயதுக்குள் படிப்படியாகத்தான் வளைவு உருவாகிறது. அமெரிக்காவில் ஸ்டாஹெலி என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும் 441 பேருடைய பாதங்களை அளந்து 1987-ல் இதைத் தெளிவுபடுத்தினார்கள். பெரியவர்களிலும் ஒரு பகுதியினருக்குத் தட்டைப் பாதம் இயல்பானதே என்பதும் அதில் தெரிந்தது. 1989-ல் வெங்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்குத் தனி ஷூ, சிலருக்குக் குதிகால் கிண்ணம், சிலருக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் இன்சோல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் எல்லாக் குழுவிலும் வளைவு முன்னேறியிருந்தது. ஒன்றும் கொடுக்காத பிள்ளைகளுக்கும் அப்படியே.

ஆக, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாதம் தட்டையாக இருக்கிறது, வலி இல்லை, ஓடுகிறான், குதிக்கிறான் என்றால் வி.ஆர். சிகிச்சையும் வேண்டாம், உடற்பயிற்சி அட்டவணையும் வேண்டாம். எது செய்தாலும் வளர்ச்சி தானாக வரும். பெயர் மட்டும் சிகிச்சைக்குப் போகும்.

காலணி வியாபாரம் செய்யும் நம் அன்பர்கள் அடுத்த செய்தியைக் கோபிக்காமல் படிக்க வேண்டும். நம் நாட்டிலேயே 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 1992-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். அணியாத பிள்ளைகளில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அதிகம், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு, வெறுங்காலில் நடந்தவர்களிடம் மிகக் குறைவு. 1995-ல் 1,846 பெரியவர்களிடம் எடுத்த கணக்கிலும், சிறு வயதிலேயே ஷூ போட ஆரம்பித்தவர்களிடம் தட்டைப் பாதம் கூடுதலாகக் காணப்பட்டது. இதனால் ஷூவே கூடாது என்றாகிவிடாது. கண்ணாடியும் ஆணியும் கிடக்கும் நம் தெருக்களில் காலணி இல்லாமல் பிள்ளையை அனுப்ப முடியுமா? வீட்டுக்குள்ளும் மணலிலும் வெறுங்காலோடு ஓட விட்டால் போதும். ஆனால் ஜூன் மாதப் பள்ளி திறப்புச் சமயத்தில் "இந்த ஷூ போட்டால் பாதத்தில் வளைவு வந்துவிடும்" என்று சொல்லி விற்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். வலி உள்ளவருக்கு இன்சோல் ஆறுதல் தரலாம். அதை அப்படியே சொல்லி விற்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொய்யான விளம்பரத்துக்கு அபராதம் இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பையன் ராணுவத்தில் சேர ஆசைப்படுகிறான், பாதம் தட்டையாயிற்றே என்று வருந்தும் பெற்றோரும் உண்டு. ராணுவ அதிகாரிகள் தேர்வுக்கான மருத்துவ விதிகளில் இதே பாகுபாடுதான் இருக்கிறது. விரல்களின் மேல் நிற்கும்போது வளைவு தோன்றி, வலியில்லாமல் நன்றாக ஓடவும் குதிக்கவும் முடிந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். விறைத்த தட்டைப் பாதத்தைத்தான் ஒதுக்குகிறார்கள். மற்றப் பணிகளுக்கு விதி வேறுபடலாம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வாங்கிப் படிக்காமல் யாரோ சொன்னதைக் கேட்டுச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பயிற்சி யாருக்கு, என்ன பயிற்சி?

வலி உள்ளவருக்குத்தான். சிறிது தூரம் நடந்தாலே உள்ளங்கால் நோகிறது, மாலையில் கணுக்காலின் உட்பக்கம் வலிக்கிறது, செருப்பின் உட்புற விளிம்பு சீக்கிரம் தேய்ந்து போகிறது என்பவர்கள் இதில் சேர்வார்கள்.

முதலில் கெண்டைக்காலைப் பார்க்க வேண்டும். கனடா ராணுவத்தில் 3,600-க்கும் மேற்பட்ட சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்து ஹாரிஸ், பீத் என்ற இருவர் 1947-ல் அறிக்கை தந்தார்கள். வெறும் நெகிழும் தட்டைப் பாதம் சிப்பாய்களுக்குப் பெரிய தொந்தரவு தரவில்லை. அதோடு குதிகால் நரம்பும் குட்டையாக இறுகியிருந்தவர்கள்தான் அவதிப்பட்டார்கள். ஆகவே சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முன்னால் சாய்ந்து 30 விநாடி நிற்பது முதல் பயிற்சி. ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. இதைக் கடையில் ஆள் இல்லாத நேரத்திலேயே செய்து விடலாம்.

அடுத்ததுதான் இந்தச் சிகிச்சைக்கே முதுகெலும்பு போன்றது. பாதத்தைக் குட்டையாக்கும் பயிற்சி என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டாவின் (1928-2002) வழியில் வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பாதத்தை முழுதும் தரையில் பதியுங்கள். விரல்களை மடக்கக் கூடாது, தூக்கவும் கூடாது. பெருவிரலின் அடிமேட்டைக் குதிகாலை நோக்கி இழுக்க முயலுங்கள். சரியாகச் செய்தால் பாதம் சிறிது குறுகி, உட்பக்கம் குகைபோல் மேலே எழும்பும். ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்துப் பதினைந்து தடவை. உட்கார்ந்து பழகிய பின் நின்றும், அதற்குப் பின் ஒற்றைக் காலில் நின்றும் செய்ய வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே அசையாது. அங்கே ஒரு தசை இருப்பதே நமக்குத் தெரியாமல் இத்தனை காலம் கழிந்துவிட்டது அல்லவா? பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஒரே ஒரு தடவை நேரில் போய், கையை வைத்துச் சரிபார்த்துக்கொள்வது நல்ல செலவு. விரலால் துண்டைச் சுருட்டுவது, கோலிக்குண்டு பொறுக்குவது ஆகியவற்றையும் சிலர் சொல்லித் தருவார்கள். அவற்றில் தவறில்லை, ஆனால் விரலை மடக்கும் பயிற்சியைவிடப் பாதத்தைக் குட்டையாக்கும் பயிற்சியில்தான் வளைவைத் தாங்கும் உட்பக்கத் தசை கூடுதலாக வேலை செய்கிறது என்று 2011-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மூன்றாவதாக, இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி இறக்குவது. இது கணுக்காலின் உட்பக்கமாக இறங்கி வந்து வளைவைத் தாங்கும் தசையை வலுவாக்கும்.

இவை எலும்பின் அமைப்பையே மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தசை வலுப்படும், பாதம் படிவது சிறிது குறையும், நின்றால் வரும் வலி குறையும். ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் செய்தால்தான் இதுவும்.

திரைக்குப் பின்னால் இருப்பது நம் தராசுதான்

இனி வி.ஆர். சிகிச்சைக்கு வருவோம். இதில் பயன்பட்ட கருவிகளில் பெயர் பெற்றது ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 2007-ல் விட்ட பேலன்ஸ் போர்டு. உள்ளே என்ன இருக்கிறது? நான்கு மூலைகளிலும் எடையை உணரும் நான்கு உணர்விகள். நம் கடை மேஜையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசுக்குள் லோட் செல் இருப்பதுபோலத்தான். ஆள் ஏறி நின்றால் எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று கணக்கிட்டு, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் திரையில் காட்டும். சாய்ந்து சாய்ந்து பந்தைக் குழியில் தள்ளுவது, பனிச்சறுக்கு விடுவது என்று விளையாட்டு அமையும். பல லட்சம் மதிப்புள்ள ஆய்வுக்கூடக் கருவியோடு ஒப்பிட்டு, இந்தப் பலகை சமநிலையை நம்பகமாக அளக்கிறது என்று 2010-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய சரக்காகக் கிடைக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2010-ல் விட்ட கினெக்ட் கேமராவும் நின்றுபோனது. அந்த இடத்தை இப்போது தலையில் மாட்டும் பெட்டிகளும் வேறு பலகைகளும் பிடித்திருக்கின்றன.

இந்தக் கருவி எதை அளக்கிறதோ, அதைத்தான் பழக்கும். பலகைக்குத் தெரிவது உடம்பின் சாய்வு. கேமராவுக்குத் தெரிவது கையும் காலும் இருக்கும் நிலை. உள்ளங்காலின் வளைவு எழும்பியதா, படிந்ததா என்பது இவற்றில் எதற்கும் தெரியாது. பாதத்தை முழுக்கப் படிய விட்டு, இடுப்பை மட்டும் ஆட்டிக்கூடப் பையன் முதல் மதிப்பெண் வாங்கி விடுவான். திரையில் "சபாஷ்" என்று வரும். உள்ளங்கால் தசை தூங்கிக்கொண்டிருக்கும்.

அதற்காக வி.ஆர். வீண் என்று ஒதுக்கவும் நாம் தயாரில்லை. உடற்பயிற்சியின் பெரிய எதிரி சலிப்பு. "பத்து தடவை குதிகாலைத் தூக்கு" என்றால் பிள்ளை மூன்றோடு நிறுத்தும். ஒவ்வொரு தடவைக்கும் திரையில் ஒரு காசு விழும் என்றால் நூறு தடவை தூக்கும். கணுக்கால் அடிக்கடி பிசகும் ஆளுக்குச் சமநிலைப் பயிற்சியே தனி நன்மை. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று "வளைவைப் பிடி, இப்போது சாய்" என்று சொல்லிக்கொண்டே விளையாட வைத்தால் இரண்டும் சேரும். ஆக, வி.ஆர். என்பது பயிற்சியைச் செய்ய வைக்கும் ஒரு வழி. பயிற்சி உள்ளே இல்லாவிட்டால் வெறும் விளையாட்டு.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் அண்மை ஆண்டுகளில்தான் வரத் தொடங்கியுள்ளன. இத்தகைய ஆய்வைக் காட்டி யாராவது பேசினால் எத்தனை பேரை வைத்து, எத்தனை வாரம் பார்த்தார்கள் என்று கேளுங்கள். சில வாரம் மட்டுமே பார்த்தது, அடுத்த ஆண்டு வலி வருமா என்பதைச் சொல்லாது. வி.ஆர். குழுவினர் வழக்கமான பயிற்சியையும் சேர்த்துச் செய்தார்களா என்றும் பாருங்கள். சேர்த்துச் செய்திருந்தால் கிடைத்த பலனை யார் கணக்கில் வரவு வைப்பது?

இப்போது நம் கணக்கு. வாரம் மூன்று தடவை, அரைமணி வீதம், ஆறு வாரம் வி.ஆர். என்றால் 18 தடவை, ஒன்பது மணி நேரம். போய்வர ஒன்றரை மணி என்று வைத்தால் இன்னும் 27 மணி நேரம். அத்தனை நேரமும் கடையில் ஓர் ஆள் குறைவு, அதற்கு மேல் கட்டணம். வீட்டில் தினம் பத்து நிமிடம் செய்தால் அதே ஆறு வாரத்தில் 420 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம். போக்குவரத்து கிடையாது, செலவு ஒன்றோ இரண்டோ தடவை பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுப்பதுதான். ஏழாவது வாரமும் அதைத் தொடரலாம். பாக்கேஜ் முடிந்த வி.ஆர். சிகிச்சையைத் தொடர மறுபடி பணம் கட்ட வேண்டும்.

ஆகவே பெரியவர்களுக்கு உடற்பயிற்சியே முதல் என்பது நம் கருத்து. வலி இருந்தும் எவ்வளவு சொல்லியும் செய்யாத பிள்ளைக்கு வி.ஆர். சேர்த்துப் பார்க்கலாம். அப்படிச் சேர்க்கும்போது மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாமல் நான்கைந்து தடவைக்கு மட்டும் கட்டுங்கள். ஆரம்ப இருப்பு எடுக்காமல் லாப நட்டம் பார்க்க முடியாது என்பது நமக்குத் தெரிந்ததே. இங்கும் ஒரு அளவு உண்டு. பாதத்தின் உட்பக்கம் துருத்தி நிற்கும் ஓர் எலும்பில் புள்ளி வைத்து, உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து அதன் உயரத்தையும், எழுந்து நிற்கும்போது உயரத்தையும் ஸ்கேலால் குறிப்பார்கள். வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பாதம் அதிகம் படிகிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். முதல் நாளே இதையும், வலி எவ்வளவு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். தலையில் மாட்டும் பெட்டிக்கு 10 வயது, 12 வயது என்று தயாரிப்பாளர்களே குறைந்தபட்ச வயது போட்டிருப்பார்கள், அதைக் கேளுங்கள். கண்ணை மூடிய நிலையில் நின்று ஆடும்போது தலைசுற்றலும் விழும் அபாயமும் உண்டு, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

கடைக்குள் செய்யக்கூடியது ஒன்று மீதி இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தம், ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்கிறது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. சட்டத்துக்காக ஒரு ஸ்டூலை மூலையில் போட்டு அதன்மேல் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் கடைகளையும் நாம் பார்க்கிறோம். கிரானைட் தரையில் நிற்கும் இடத்தில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் எல்லோர் காலுக்கும் ஆறுதல்.

நாற்பது வயதுக்கு மேல், நன்றாக இருந்த ஒரு கால் மட்டும் தட்டையாகிக் கணுக்காலின் உட்பக்கம் வலித்து வீங்கினால், அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடியாவிட்டால், வளைவைத் தாங்கும் நரம்பு பழுதாகியிருக்கலாம். பயிற்சி, வி.ஆர். இரண்டையும் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவர்களுக்குப் பாதம் திடீரெனச் சிவந்து, சூடேறி, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கக் கூடும். அன்றே காலைத் தரையில் ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கடையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.